இன்ஜெக்டர் புகையை உறிஞ்சுவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் வந்த நீலகிரி மலை ரயில் கட்டுரையில், ‘வெளியேறும் புகையை இன்ஜெக்டர் உறிஞ்சி மீண்டும் பாய்லருக்குள் செலுத்துகிறது’ என்று ஒரு வரி இருந்தது. அந்த நீராவி இன்ஜின்களில் அடுப்பைக் கவனிக்கும் பயர்மேனாகச் சேர்ந்து ஓட்டுநராக ஓய்வுபெற்றவன் நான். அந்த வரிக்கு மேல் படிக்க மனம் வரவில்லை.

அடுப்பில் எழும் வாயுக்கள் பாய்லர் குழாய்களின் வழியே சென்று, சுற்றியுள்ள நீரைச் சூடாக்கிவிட்டுப் புகைபோக்கியை அடைகின்றன. சிலிண்டரில் வேலை முடித்த நீராவி அங்கே பீறிட்டு எழும்போது அவற்றையும் இழுத்துக்கொண்டு போவதால்தான் அடுப்புக்குக் காற்று கிடைக்கிறது. இன்ஜெக்டரின் வேலையோ பாய்லருக்கு நீரூட்டுவது. 1858இல் பிரான்ஸின் ஆன்றி ஜிஃபார் காப்புரிமை பெற்ற அக்கருவியில் பிஸ்டனும் இல்லை, சக்கரமும் இல்லை. குறுகிய கூம்பில் வேகமெடுக்கும் நீராவி குளிர்ந்த நீரில் கலந்து தானும் நீராகித் தன் வேகத்தை அதற்குக் கொடுக்கிறது. விரிந்து செல்லும் அடுத்த கூம்பில் அவ்வேகம் அழுத்தமாக மாறி, நீராவி எந்தப் பாய்லரிலிருந்து வந்ததோ அதற்குள்ளேயே நீரைத் தள்ளிவிடுகிறது.

கோடையில் தொட்டி நீர் சூடேறிவிட்டால் இன்ஜெக்டர் ‘பிடிக்காது’, அதாவது நீரைப் பாய்லருக்குள் தள்ளாது. ஓவர்ஃப்ளோ குழாயில் ஆவியும் வெந்நீருமாகக் கொட்டும். அதன்மேல் ஈரச் சாக்கைச் சுற்றி, வால்வை மூடித் திறந்து, அது பிடித்துக்கொண்டு சீராக இரையும்வரை எங்கள் கண் பாய்லரின் நீர்மட்டம் காட்டும் கேஜ் கிளாஸை விட்டு அகலாது. நீர்மட்டம் இறங்கி அடுப்பின் மேல்தகடு வெளிப்பட்டால் அது சூட்டில் இளகிப் பாய்லரே வெடிக்கக்கூடும் என்பது தாங்கள் அறியாததல்ல. அத்தனை உயிர்களையும் காத்த கருவியைப் புகை உறிஞ்சியாக்கிவிட்டீர்கள்.

இது முதல் முறையும் அல்ல. கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரப் பாதையில் மேலேறும்போது இன்ஜின் கீழ்ப்புறம் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது. தங்கள் நாளிதழ் ஒவ்வொரு கோடை விழாவின்போதும் ‘இழுத்துச் செல்கிறது’ என்றே எழுதுகிறது. மிகை அழுத்தத்தை வெளியேற்றும் சேஃப்டி வால்வில் எழுந்த வெண்ணிற நீராவிக்கு ஒரு முறை ‘நச்சுப்புகை’ என்று படக்குறிப்பு வந்தது. இரண்டுக்கும் கடிதம் எழுதினேன்; எதுவும் வெளியாகவில்லை. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற ரயிலைப் பற்றி எழுதுமுன், லோகோ ஷெட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

கட்டுரை வந்த அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர்,
மேட்டுப்பாளையம்