ஆகஸ்ட் 15, உன் ஊரிலும்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் சின்னவனும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் பாதி நேரம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடுகிறது. இந்த விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

போன வாரம் பேசும்போது, "ஆகஸ்ட் பதினஞ்சுன்னா இங்க ஒண்ணுமே இல்லப்பா, சும்மா ஒரு வேலை நாள்" என்றாய். குரல் கொஞ்சம் வாடியிருந்தது. இங்கே அந்தத் தேதி நம் வீட்டில் எப்படி விடியும் என்று உனக்குத் தெரியும். கோழி கூவும் முன்னால் வண்டியில் ஆம்ப்ளிஃபையரையும் ஒயர்க்கட்டையும் ஏற்றி, ஒரு பள்ளிக்கூடத்தில் கட்டி முடித்து அடுத்த பள்ளிக்கூடத்துக்கு ஓடுவேன். நீ இரட்டைச் சடையோடு முன்வரிசையில் நின்று, மைக் ஊளையிட்டால் என் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாய். மைக்செட்காரனுக்கு அது கொடி நாள் மட்டுமில்லை, தொழிலுக்கும் பெரிய நாள். ஆனால் அம்மிணி, பாட்டுக் கணக்கில் பார்த்தால் அந்தத் தேதி உன் ஊருக்கும் பெரிய நாள்தான். நீ குடியிருக்கிற நியூயார்க் ஃப்ளஷிங்குக்கே பெரிய நாள்.

நீ கணேசர் கோயிலுக்குப் போகும்போது சொல்வாயே, பக்கத்தில் பேஸ்பால் மைதானம் ஒன்று இருக்கிறது, ஆட்டம் இருந்தால் ரயிலில் கூட்டம் நெரியும் என்று. அந்த சிட்டி ஃபீல்டின் கார் நிறுத்துமிடம் இருக்கிறதே, அங்கேதான் பழைய ஷே ஸ்டேடியம் நின்றது. 2009-இல் முழுதாக இடித்துவிட்டார்கள். அந்த மைதானத்தில் 1965 ஆகஸ்ட் 15 அன்று இங்கிலாந்துப் பாட்டுக் குழுவான பீட்டில்ஸ் நான்கு பேரும் பாடினார்கள். கேட்க வந்தவர்கள் 55,600 பேர். விளையாட்டு மைதானத்தில் இவ்வளவு பேரைக் கூட்டி ஒரு பாட்டுக் கச்சேரி நடத்த முடியும் என்று அதுவரை யாரும் பெரிதாக நம்பவில்லை. சிட் பெர்ன்ஸ்டீன் என்ற ஏற்பாட்டாளர் நம்பினார். டிக்கெட் வசூல் மட்டும் மூன்று லட்சத்து நாலாயிரம் டாலர். கூட்டத்துக்குள் கார் நுழைய முடியாது என்பதால், பாடகர்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து பக்கத்துக் கட்டடத்தின் மொட்டை மாடியில் இறக்கி, அங்கிருந்து பணம் ஏற்றிப்போகும் கவச வண்டியில் உள்ளே அழைத்துவந்தார்கள்.

இதெல்லாம் எல்லோரும் சொல்கிற கதை. எனக்கு இதில் மனசு போய் நிற்கிற இடம் வேறு. அவ்வளவு பெரிய மைதானத்தில், மேடையில் இருந்த கிட்டார் பெட்டிகள் நூறு வாட் பெட்டிகள். நூறு வாட் என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நம் ஊர் மாரியம்மன் கோயில் திடலுக்கே நான் அதற்கு மேல் கட்டியிருக்கிறேன். பாடுகிற குரலோ, பேஸ்பால் ஆட்டத்தில் ஆட்டக்காரர் பெயரை அறிவிக்க வைத்திருந்த மைதானத்து ஸ்பீக்கர்கள் வழியாகத்தான் போனது. எதிரே ஐம்பத்தைந்தாயிரம் பேர், பெரும்பாலும் பதின்வயதுப் பெண்பிள்ளைகள், நிறுத்தாமல் கூச்சலிடுகிறார்கள். மேடையில் இருந்தவர்களுக்குத் தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்கவில்லை. டிரம்ஸ் வாசித்த ரிங்கோ, முன்னால் நிற்கிறவர்களின் உடல் அசைவைப் பார்த்துத்தான் பாட்டு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டதாகப் பின்னால் சொன்னார். கடைசிப் பாட்டில் ஜான் லெனன் சின்ன ஆர்கனை முழங்கையால் தேய்த்து வாசித்துச் சிரிக்கிற படம் இருக்கிறது, சின்னவனுக்குக் காட்டு. பன்னிரண்டு பாட்டு, அரை மணி நேரம், முடிந்தது. அன்று எடுத்த படத்தை டிவியில் போடுவதற்கு முன் லண்டன் ஸ்டூடியோவில் உட்கார்ந்து பல பாட்டுகளுக்கு ஒலியைச் சரிசெய்தும் மறுபடி வாசித்தும் சேர்க்க வேண்டியிருந்தது.

தொழில் தெரிந்தவன் என்ற முறையில் எனக்கு அது வயிற்றைப் பிசைகிற கதை. அவ்வளவு நல்ல பாட்டு, அவ்வளவு ஆசையாக வந்த ஜனம், நடுவில் ஒலியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவனுக்கு அன்றைக்குச் சாமான் இல்லை. மறு வருஷம் 1966 ஆகஸ்ட் 29-இல் சான் பிரான்சிஸ்கோவில் பாடியதோடு அவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடுவதையே விட்டுவிட்டார்கள். காரணங்கள் பல இருந்தன. தன் குரல் தனக்கே கேட்காத மேடையும் அவற்றில் ஒன்று.

சரியாக நாலு வருஷம் கழித்து அதே தேதி. 1969 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை. இதுவும் உன் மாநிலம்தான். நியூயார்க் நகரத்திலிருந்து வடமேற்கே, காரில் போனால் இரண்டு மணி நேரத்துச் சொச்சம், பெத்தல் என்ற ஊர். மேக்ஸ் யாஸ்கர் என்ற பால்பண்ணைக்காரரின் நிலம். வுட்ஸ்டாக் இசை விழா என்று பெயர் கேட்டிருப்பாய். முன்கூட்டி விற்றது 1,86,000 டிக்கெட். வந்த கூட்டம் நாலு லட்சத்துக்கும் மேல். வேலி கட்டி முடிக்கவில்லை, கடைசியில் எல்லோருக்கும் இலவசம் என்று அறிவித்துவிட்டார்கள். சாலை அடைத்துக்கொண்டதில் முதலில் பாட வேண்டிய குழு வழியிலேயே மாட்டிக்கொண்டது. சாயங்காலம் ஐந்து மணி தாண்டியதும் ரிச்சி ஹேவன்ஸ் என்பவரை மேடையில் ஏற்றினார்கள். அடுத்த ஆள் வரவில்லை, இன்னும் பாடு, இன்னும் பாடு என்று அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோய், அடிமைக் காலத்துக் கறுப்பின மக்களின் பழைய ஆன்மிகப் பாடல் ஒன்றை எடுத்து, அதற்கு முன்னால் 'விடுதலை' என்கிற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டு அங்கேயே ஒரு பாட்டைக் கட்டிவிட்டார். ஆகஸ்ட் 15 அன்று, அந்தச் சொல்! அங்கே மாலை ஐந்து என்றால் நமக்குப் பதினாறாம் தேதி அதிகாலை இரண்டரை ஆகியிருக்கும். இருந்தாலும் அவர் நின்ற மண்ணில் தேதி பதினைந்துதானே.

அவருக்கு அடுத்து மேடைக்கு வந்தவர் யார் என்று சொன்னால் சின்னவன் நம்ப மாட்டான். நம் செட்டிபாளையத்துக்காரர்! கோயமுத்தூர்ப் பக்கம், நாம் பல்லடம் ரோட்டுக்குப் போகும்போது தாண்டிப் போவோமே, அதே செட்டிபாளையம். 1914-இல் பிறந்து, ராமசாமி என்று பெயர் வைத்து வளர்த்த பிள்ளை. குடும்ப வாழ்க்கை, வேலை எல்லாம் பார்த்துவிட்டு, ரிஷிகேசம் போய் சிவானந்தரிடம் சந்நியாசம் வாங்கி, சச்சிதானந்தர் ஆனார். இலங்கையில் கண்டியில் பல வருஷம் ஆசிரமம் நடத்தினார். 1966-இல் பீட்டர் மேக்ஸ் என்ற ஓவியர் அழைத்து நியூயார்க் போனார். போனவரை அங்கிருந்த இளம்பிள்ளைகள் விடவில்லை.

காவி உடுத்தி, நீண்ட தாடியோடு, அந்த மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து நாலு லட்சம் பேரிடம் பேசினார். எதிரே இருந்தவர்களில் எத்தனையோ பேருக்கு வியட்நாம் போருக்கு இழுத்துக்கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம். அவர்களிடம் அவர் ஒலியைப் பற்றித்தான் பேசினார். இந்தப் பிரபஞ்சத்தை ஆள்வது ஒலிதான், அணுவின் அதிர்வு இல்லை என்றார். போர்க்களத்தில் எழுப்புகிற கூச்சல் ஒரு மெல்லிய மனசைக்கூடக் கொலைக்குத் தூண்டிவிடும், அதே ஒலியால் ஆக்கவும் முடியும் என்றார். பிறகு எல்லோரையும் ஹரி ஓம் சொல்ல வைத்தார். அந்தப் பேச்சின் பதிவைக் கேள், அம்மிணி. ஆங்கிலம்தான், ஆனால் அவர் வார்த்தைகளை நிறுத்தி நிறுத்தி எடுத்து வைக்கிற விதத்தில் நம் பக்கத்து மண் கேட்கும். நான் கேட்டபோது கண் நிறைந்துவிட்டது.

அந்தக் குரல் அந்த மேட்டின் உச்சி வரை எப்படிப் போனது என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் மைக்செட்காரன் இல்லை. பில் ஹேன்லி என்று ஒருவர், மாசசூசெட்ஸ் மாநிலத்துக்காரர். அந்தச் சரிவில் எழுபது அடிக் கோபுரங்கள் கட்டி, மேட்டில் இருக்கிறவர்களுக்கும் சேர்கிற மாதிரி ஸ்பீக்கர்களை அடுக்கினார். அவர் கணக்குப் போட்டது ஒன்றரை, இரண்டு லட்சம் பேருக்கு. வந்தது அதைப்போல் இரண்டு மடங்கு. அப்படியும் ஒலி போய்ச் சேர்ந்தது. ஷே ஸ்டேடியத்தில் ஐம்பத்தைந்தாயிரம் பேருக்குக் கேட்காதது இங்கே லட்சக்கணக்கானவர்களுக்குக் கேட்டதென்றால், நடுவில் நாலு வருஷம் யாரோ மண்டையை உடைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஹேன்லி பெயரைப் பாட்டுக் கேட்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை. நான் சொல்வேன்.

அன்று இரவே ரவிசங்கர் சிதார் வாசித்தார். தபலாவில் அல்லா ரக்கா. மழை பிடித்துக்கொண்டது, மழையிலேயே வாசித்தார். ஆனால் அவருக்கு அந்த விழா பிடிக்கவில்லை. சேற்றில் கிடந்த கூட்டத்தைப் பார்த்தபோது நம் ஊரில் சேற்றில் ஊறிக் கிடக்கும் எருமைகள்தான் நினைவுக்கு வந்தன என்று பின்னால் வெளிப்படையாகச் சொன்னார். எனக்கு அவர் மேல் வருத்தமில்லை. கேட்கிறவன் தன்னைக் கொடுத்துக் கேட்க வேண்டும் என்று நினைக்கிற வித்வான் அப்படித்தான் பேசுவார். அதே மேடையில் சச்சிதானந்தர் கண்டதும் பொய்யில்லை.

நம் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். 1947-இல் அந்த நள்ளிரவுக் கூட்டம் டெல்லியில் வந்தே மாதரத்தோடு தொடங்கியது. பாடியவர் சுசேதா கிருபளானி. இங்கே சென்னை வானொலியில் டி.கே.பட்டம்மாள் பாரதியாரின் 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே' பாடினார். பாரதியார் 1921-இலேயே போய்விட்டார். 'ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்' என்று அவர் எழுதியபோது சுதந்திரம் கண்ணுக்கெட்டிய தூரத்தில்கூட இல்லை. அதே 1947-இன் தொடக்கத்தில் வந்த 'நாம் இருவர்' படத்தில் பட்டம்மாள் பாட, குட்டிப்பெண் கமலா ஆடிய பாட்டும் அதுதான். அதனால் அந்த ஆகஸ்டில் ஊருக்கே அந்தப் பாட்டு மனப்பாடம். உன் அப்பாரு, அதாவது என் அப்பா, மில் வேலைக்குப் போன காலம் அது. படிப்பு இல்லாதவர், ஆனால் அந்தப் பாட்டை ஒரு அடி தப்பாமல் பாடுவார். டீக்கடை வானொலியில் கேட்டே பாடம் பண்ணிக்கொண்டதாகச் சொல்வார்.

1975 ஆகஸ்ட் 15-இல் பம்பாயில் 'ஷோலே' வெளியானது. அதில் ஆர்.டி.பர்மன் தானே பாடிய பாட்டை நான் எத்தனையோ கல்யாண வீட்டில் போட்டிருக்கிறேன். 1991 ஆகஸ்ட் 15-இல் உன் ஊர் சென்ட்ரல் பூங்காவில் பால் சைமன், ஆப்பிரிக்கக் கலைஞர்களையும் பிரேசில் முரசுக்காரர்களையும் கூட்டிவைத்து இலவசமாகக் கச்சேரி செய்தார். இரண்டையும் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மறு வருஷத்தைப் பற்றி இப்போதே சொல்ல வேண்டும். 1992 ஆகஸ்ட் 15, 'ரோஜா' வந்தது. இருபத்தைந்து வயதுப் பையன் ரகுமானுக்கு அதுதான் முதல் படம். கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்த்துத் தானே கட்டிக்கொண்ட சின்ன ஸ்டூடியோவில் உட்கார்ந்து செய்த பாட்டு. முதல் படத்துக்கே தேசிய விருது. அப்போது எல்லோரும் புதுசு, புதுசு என்று சொன்னார்கள். எனக்கு என்ன புதுசு என்று குழாயைக் கட்டிய அன்றே தெரிந்துவிட்டது. 'சின்னச் சின்ன ஆசை' கேசட்டைப் போட்டேன். மின்மினி குரல் தெளிவாக வந்தது. ஆனால் அடியில் ஓடுகிற பேஸ் மொத்தமாகக் காணோம். குழாய் ஸ்பீக்கர் நடுத்தரமான ஒலியைத்தான் தூக்கி எறியும், கீழ் ஒலி அதில் ஏறாது. அதுவரை நான் போட்ட பாட்டுக்கெல்லாம் அது பெரிய குறையாகத் தெரிந்ததில்லை. இந்தப் பையன் பாட்டின் பாதி உயிரைக் கீழே வைத்திருந்தான். ஒரு டேப் ரிக்கார்டரில் ஹெட்போன் மாட்டி 'புது வெள்ளை மழை'யைக் கேட்டபோது, என் கடையில் இருக்கிற சாமான் எதுவும் இனிமேல் போதாது என்று புரிந்தது. பெரிய பாக்ஸ்கள் வாங்கக் கடன் போட்டது அப்போதுதான். அம்மா திட்டினாள், பிறகு அவளே அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். நீ அப்போது தொட்டிலில். அந்த பாக்ஸ் பக்கத்தில்தான் உன்னைத் தூங்க வைப்போம், பாட்டை நிறுத்தினால் எழுந்துவிடுவாய்.

மின்மினிக்குப் பின்னால் தொண்டை ஒத்துழைக்காமல் போய், வருஷக்கணக்கில் பாட முடியாமல் இருந்தார். அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் எனக்கு அது நினைவுக்கு வரும்.

இப்போது உனக்கு ஒரு வேலை. ஆகஸ்ட் 15 வேலை நாளாக இருந்தால் அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை போதும். சின்னவனைக் கூட்டிக்கொண்டு அந்தக் கார் நிறுத்துமிடத்துக்குப் போ. பழைய மைதானத்தில் ஆட்டக்காரர்கள் ஓடித் தொடுகிற 'பேஸ்' புள்ளிகளை அங்கே தரையில் பதித்து வைத்திருக்கிறார்கள். இரண்டாம் பேஸ் எது என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். பீட்டில்ஸ் மேடை போட்டது அதன் மேல்தான். அங்கே நின்று பார்த்தால் சுற்றிலும் எவ்வளவு தூரத்துக்கு ஒலி போக வேண்டியிருந்தது என்று பையனுக்குத் தானாகத் தெரியும். முடிந்தால் இன்னொரு நாள் பெத்தலுக்கும் போய்வாருங்கள். அந்த மேடு அப்படியே இருக்கிறது, பக்கத்தில் அருங்காட்சியகமும் கட்டியிருக்கிறார்கள். அவன் கீழே மேடை இருந்த இடத்தில் நிற்கட்டும், நீ உச்சியில் நில். சத்தம் போட்டுக் கூப்பிடச் சொல். கேட்கிறதா என்று எனக்கு எழுது.

ரோஜா பாட்டை அவனுக்குப் போனில் போட்டுக் காட்டாதே. மாப்பிள்ளையிடம் நல்ல ஹெட்போன் இருக்கிறதே, அதில் கேட்கட்டும். அம்மா ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், யாராவது வந்தால் கொடுத்தனுப்பச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா