இலுப்பை விதை நாட்காட்டிக்குக் காத்திருப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரிமழையோடு மரம் நடுவதற்கான ஆயத்தங்கள் வன்னியில் ஆண்டுதோறும் நடக்கின்றன. ஆனால், விதை எந்தக் கிழமையில் முற்றி விழுகிறது என்பதை எவரும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை என்பதே என் கவலை.

எங்கள் குளத்து அலைகரையில் பழைய இலுப்பைகள் சில நிற்கின்றன. சென்ற ஆண்டு வழமையான நாளைக் கணக்கிட்டு விதை பொறுக்கச் சென்றபோது, பழம் விழுந்து முடிந்து இரண்டு கிழமையாகியிருந்தது. விதையின் தோடு மினுமினுப்புக் குறையாமலே இருந்தது; உடைத்துப் பார்த்தால் பருப்பு சுருங்கி, ஓரம் கறுத்துக் கிடந்தது. ஒரு பாத்தி நிறைய ஊன்றியும் விரல்விட்டு எண்ணக்கூடியவையே முளைத்தன. நெல்லைப்போலக் காயவைத்து அடுத்த போகத்துக்கு எடுத்துவைக்கக்கூடிய விதையன்று இலுப்பை. ஈரம் உலர உலர அதன் உயிரும் போய்விடும். வேப்பம் விதைக்கும் ஆயுள் குறைவுதான்.

வெப்பம் கூடினால் எல்லாம் முந்திவிடும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மையே. மாமரம் பூமொட்டுக் கட்டுவதற்கு மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த இரவுகள் துணைசெய்கின்றன. இரவுகள் வெக்கையாகவே கழிந்தால், பூங்கொத்து வரவேண்டிய நுனியில் தளிர் வந்துவிடுவதுண்டு. மொட்டுக் கட்டிய பின்னரோ, அதே வெப்பம் பூ விரிவதையும் காய் முற்றுவதையும் விரைவுபடுத்துகிறது. எங்கள் காட்டு மரங்களுக்கு மாரி எப்போது விட்டது, மண்ணில் எவ்வளவு ஈரம் எஞ்சியிருக்கிறது என்பனவும் சேர்ந்துகொள்வதால், ஓராண்டுக் கணக்கை மறு ஆண்டுக்கு அப்படியே எடுக்க முடியாது. பூ முந்தியோ பிந்தியோ போனால் இலுப்பையை இரவில் நாடிவரும் வௌவாலுக்கும், பாலைப்பழத்தை நம்பியிருக்கும் கரடிக்கும் அந்த மாற்றம் போய்ச் சேரும்.

ஜப்பானின் கியோட்டோவில் 2021 மார்ச் 26 அன்று செர்ரி மரங்கள் முழுமையாகப் பூத்தன. அதுவரையிலான ஏறத்தாழ 1,200 ஆண்டுப் பதிவுகளில் அதுவே மிக முந்திய நாள் என்று அவர்களால் சொல்ல முடிந்தது, தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருந்ததனாலேயே. எங்கள் ஊர் இலுப்பைக்கோ முதியவர்களின் நினைவைத் தவிர வேறு ஏடில்லை.

ஆகவே பாடசாலைகளும் கமக்காரர் அமைப்புகளும் தத்தம் ஊரில் பாலை, இலுப்பை, வேம்பு ஆகியவற்றில் சில மரங்களை அடையாளமிட்டு, முதற்பூ விரிந்த நாளையும் முதற்பழம் விழுந்த நாளையும் ஒரு கொப்பியில் எழுதிவர வேண்டும் என வேண்டுகிறேன். நாற்றுமேடை நடத்துவோர் அந்தக் கொப்பியைப் பார்த்தே விதை சேகரிப்புக்கு ஆளனுப்பட்டும். அலைகரை இலுப்பைகள் மூன்றுக்கு இவ்வாண்டு சுண்ணாம்பு வளையமிட்டு நான் எழுதத் தொடங்கிவிட்டேன்; பழம் விழத் தொடங்கும் அன்றே அயலூர் நாற்றுமேடைகளுக்கும் சொல்லியனுப்புவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.