நட்டுக் காத்தவரே உறுப்பினர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிற்றூர்களை அழகுபடுத்தும் தன்னார்வக் குழுக்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஆரம்பத்தில் இருக்கும் வேகம் இரண்டு மூன்று வருடங்களில் அடங்கிவிடுகிறது என்று அதில் எழுதியிருந்தீர்கள். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. 170 ஆண்டுகளைத் தாண்டியும் இயங்கிவரும் ஒரு குழுவைப் பற்றி இங்கே எழுதுவதும் அதனால்தான்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பெர்க்‌ஷயர் மலைப்பகுதியில் இருக்கிறது ஸ்டாக்பிரிட்ஜ். இன்றும் அங்கே வாழ்பவர்கள் சுமார் 2,000 பேர்தான். 1853-இல் மேரி ஹாப்கின்ஸ் என்ற பெண்மணி அங்கே லாரல் ஹில் சங்கத்தைத் தொடங்கினார். அந்நாட்டில் ஊர் மேம்பாட்டுக்கென்று உருவான சங்கங்களில் மிகப் பழையது இது என்கிறார்கள். அங்கே பெண்களின் வாக்குரிமை அரசியல் சட்டத்தில் ஏறியதே 1920-இல்தான். அதற்கு 67 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் ஊரைக் கூட்டி, பணம் திரட்டி, வேலையையும் நடத்திக் காட்டியிருக்கிறார். நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது.

அவர்கள் முதலில் கைவைத்தது கடைவீதியில் அல்ல, கவனிப்பாரற்றுக் கிடந்த கல்லறைத் தோட்டத்தில். அடிமைத்தளையிலிருந்து விடுதலை கேட்டு 1781-இல் வழக்குத் தொடுத்து வென்ற எலிசபெத் ஃப்ரீமன் என்ற கறுப்பினப் பெண் உறங்குவதும் அங்கேதான். எல்லோரும் பார்க்கும் இடத்தை விட்டுவிட்டு, யாரும் பார்க்காத இடத்தில் வேலையைத் தொடங்கியது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அடுத்து மரங்கள். முதல் ஆண்டிலேயே 400-க்கும் மேல் நட்டார்கள். நம் ஊர்களிலும் ஒரே நாளில் ஆயிரம் கன்றுகள் நடுகிறோமே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்தச் சங்கம் தொடக்கத்தில் வகுத்த விதியைப் பாருங்கள். 14 வயதைத் தாண்டிய யாரும் அன்று வருடத்துக்கு ஒரு டாலர் கட்டி உறுப்பினராக முடிந்தது. பணம் கட்ட முடியாதா? சங்கம் காட்டிய இடத்தில் ஒரு மரத்தை நட்டுப் பாதுகாத்தால் அவரும் உறுப்பினர்தான். குழியில் கன்றை இறக்கிப் படம் எடுத்துக்கொண்டால் போதாது, அது பிழைக்க வேண்டும். கையில் காசில்லாத பையனுக்கும் சங்கத்தில் இடம் கிடைத்தது, தெருவில் நிற்கும் மரத்துக்கும் பொறுப்பான ஓர் ஆள் கிடைத்தார். இந்த ஒரு விதிக்காகவே அந்தச் சங்கத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அப்புறம் நடைபாதை, தெருவிளக்கு என்று வேலைகள் விரிந்தன. சங்கத்துக்குப் பெயர் தந்த லாரல் குன்று, செட்ஜ்விக் குடும்பத்தார் 1834-இல் ஊருக்காகக் கொடுத்தது. சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் அந்தக் குன்றில், மரநிழலில் நடக்கும். அங்கிருக்கும் கல் மேடையை வடிவமைத்தவர், வாஷிங்டனில் உள்ள லிங்கன் சிலையை உருவாக்கிய டேனியல் செஸ்டர் ஃப்ரெஞ்ச். ஐஸ் கிளென் என்ற பாறைப் பள்ளத்தாக்கும் 1891-இல் நன்கொடையாகச் சங்கத்தின் கைக்கு வந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. ஸ்டாக்பிரிட்ஜ் முதலில் மோஹிக்கன் பழங்குடியினருக்கான கிறித்தவ மிஷன் குடியிருப்பாகத்தான் உருவானது. பிறகு அவர்கள் நிலத்தை இழந்து, ஊரைவிட்டே போக வேண்டியதாயிற்று. அவர்களுடைய பழைய இடுகாட்டில் இந்தச் சங்கம் 1877-இல் ஒரு நினைவுக்கல் நட்டது. பறிபோன நிலத்துக்கு ஒரு கல் ஈடாகாது. ஆனாலும் ஊரை அழகாக்குகிறோம் என்று அந்த இடுகாட்டை மறைத்துவிடவில்லை, இங்கே முன்பு யார் இருந்தார்கள் என்று எழுதி வைத்தார்கள்.

நம் பக்கத்துக் குழுக்களிடம் நான் கேட்பது, அந்த உறுப்பினர் விதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். கன்றை நட்டவரின் பெயரைக் குறித்து வையுங்கள். ஒரு கோடையைத் தாண்டி அது உயிரோடு நின்றால் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பேருந்து நிலையச் சாலையில் கம்பிக் கூண்டுகள் வரிசையாக நிற்கின்றன, பாதிக்கு மேல் உள்ளே ஒன்றுமில்லை. கூண்டுக்குச் செலவழிக்க முடிந்த ஊருக்கு, ஒரு குடம் தண்ணீருக்கு ஆள் கிடைக்காமலா போகும்?

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். நீங்கள் எழுதிய அதே குழுக்களை அடுத்த வருடமும் போய்ப் பார்த்து, எத்தனை கன்றுகள் பிழைத்திருக்கின்றன என்று எண்ணி வெளியிடுங்கள். படத்தில் ஆட்கள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மரங்கள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
மன்னார்குடி