ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நஞ்சால் நேரும் மரணங்களைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் 'உள்ளுறுப்புகள் ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டுள்ளன' என்ற வரியோடு நின்றுவிடுகின்றன. எந்த நஞ்சாக இருந்தாலும் ஆய்வகம் கண்டுபிடித்துவிடும் என்று வாசகர்கள் நம்புகிறார்கள். மாதங்கள் கழித்து 'நச்சுப் பொருள் எதுவும் கண்டறியப்படவில்லை' என்று அறிக்கை வரும்போது, எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் குடும்பத்தாருக்கு எழுகிறது. தடய அறிவியல் ஆய்வகத்தின் நச்சியல் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். அந்த அறிக்கை என்ன சொல்லப்போகிறது என்பது, நோயாளி மருத்துவமனைக்கு வந்த முதல் மணி நேரத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது என்பதை விளக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் உயிர்களைப் பறித்தது கள்ளச்சாராயத்தில் இருந்த மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். குடித்த உடனே மெத்தனால் சாதாரணப் போதையைத்தான் தரும். கல்லீரலில் உள்ள நொதி அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. இந்த அமிலம்தான் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாதபடி தடுத்து, ரத்தத்தை அமிலத்தன்மை அடையச் செய்து, பார்வை நரம்பைச் சிதைக்கிறது. இதற்குப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் பிடிக்கும். வழக்கமான மதுவில் உள்ள எத்தில் ஆல்கஹாலும் சேர்ந்து உள்ளே போயிருந்தால் இன்னும் தாமதமாகும். இரவு குடித்தவர் மறுநாள் தலைவலியையும் வாந்தியையும் போதையின் மிச்சம் என்று எண்ணிப் படுத்திருப்பதும், கண் மங்கிய பிறகே மருத்துவமனைக்குத் தூக்கிவரப்படுவதும் இதனால்தான்.

மருத்துவர்கள் அந்த நொதியின் வேலையைத் தடுக்க ஃபோமெபிசோல் என்ற மாற்று மருந்து அல்லது எத்தில் ஆல்கஹால் கொடுப்பார்கள். டயாலிசிஸ் செய்து நஞ்சை வெளியேற்றுவார்கள். உயிர் காக்கும் இந்தச் சிகிச்சையே ரத்தத்தில் இருந்த தடயத்தையும் துடைத்துவிடுகிறது. நான்காம் நாள் இறந்தவரின் உள்ளுறுப்புகளில் மெத்தனால் இல்லை என்று ஆய்வகம் சொன்னால் அது உண்மையாகவே இருக்கும்; ஆனால் அவர் மெத்தனால் குடிக்கவில்லை என்று அதற்குப் பொருள் ஆகாது. அனுமதிக்கப்பட்டபோது எடுத்த ரத்தம் பத்திரமாக இருந்தால், குப்பியைச் சூடாக்கி, மேலே எழும் ஆவியை, கலவையில் உள்ள பொருட்களைப் பிரித்துக் காட்டும் வாயு குரோமட்டோகிராபியில் செலுத்தி, மெத்தனாலையும் எத்தில் ஆல்கஹாலையும் தனித்தனியே அளந்துவிடலாம். அந்த ரத்தத்தில் சோடியம் ஃபுளோரைடு சேர்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் நுண்ணுயிரிகள் ரத்தத்திலேயே ஆல்கஹாலை உண்டாக்கிவிடும். உள்ளுறுப்புகளைப் பதப்படுத்த ரெக்டிஃபைடு ஸ்பிரிட்டும் பயன்படுத்தப்படுவது உண்டு. ஆனால் அதுவே ஆல்கஹால் என்பதால், இத்தகைய வழக்குகளில் அதை ஊற்றக் கூடாது, செறிவான உப்புக் கரைசலே வேண்டும் என்பது பாடநூல் விதி. இவ்வளவு எளிய விதி மீறப்பட்டு ஒரு வழக்கு கெடுவதைப் போல வேதனை தரும் செய்தி ஆய்வகத்தில் இருப்பவருக்கு வேறில்லை.

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகளின் கதை வேறு. நரம்பு முனைகளில் வெளிப்பட்டுச் செய்தி கடத்தும் அசெட்டைல்கோலின் என்ற பொருளைச் சிதைக்கும் கோலினெஸ்டரேஸ் நொதியை அவை முடக்குகின்றன. கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கும். எச்சிலும் வியர்வையும் பெருகும். மூச்சுக்குழாயில் நீர் கோத்து, தசைகள் துடித்துத் துவண்டு, மூச்சு நிற்கும். எந்தப் பூச்சிக்கொல்லி என்று தெரிவதற்கு முன்பே ரத்தத்தில் அந்தக் கோலினெஸ்டரேஸ் அளவு குறைந்திருப்பது காரணத்தைச் சுட்டிவிடும். பிறகு மென்படல குரோமட்டோகிராபியும் மூலக்கூறின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானியும் சேர்மத்தை அடையாளம் காட்டும்.

எலி பேஸ்ட்டில் உள்ள மஞ்சள் பாஸ்பரஸ்தான் குடும்பங்களை அதிகம் ஏமாற்றுவது. முதல் நாள் வாந்தியும் வயிற்றுவலியும் இருக்கும். அடுத்த ஓரிரு நாள் நோயாளி நலமாகத் தெரிவார். 'சரியாகிவிட்டது' என்று வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுவார்கள். அதற்குள் கல்லீரல் செயலிழக்கத் தொடங்கி, மஞ்சள் காமாலையும் ரத்தக்கசிவும் வந்துவிடும். இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. நலமாகத் தெரியும் அந்த நாட்களிலும் நோயாளி மருத்துவமனையில்தான் இருக்க வேண்டும். உடலில் பாஸ்பரஸ் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடுவதால், ஆய்வக அறிக்கையோடு கல்லீரல் திசுப் பரிசோதனை, மருத்துவமனைக் குறிப்புகள், வீட்டில் கிடந்த பேஸ்ட் குழாய் ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வர இயலும்.

கண்டறியப்பட்டது என்ற அறிக்கையையும் நிதானமாகவே படிக்க வேண்டும். புதைத்த உடலில் ஆர்செனிக் இருந்தால், அது சுற்றியுள்ள மண்ணிலிருந்து ஊறியதாகவும் இருக்கலாம். அதனால்தான் தோண்டி எடுக்கும்போது சவக்குழியின் மண்ணையும் மாதிரியாக எடுக்கிறார்கள்.

1849-ஆம் ஆண்டிலேயே ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கப்பட்ட மாகாணம் நம்முடையது. அறிவும் கருவிகளும் நம்மிடம் இருக்கின்றன. குறை தொடக்கத்தில்தான் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176-ஆம் பிரிவு, 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குச் செல்ல வேண்டும் என்கிறது. ஆனால் நஞ்சு மரணம் பெரும்பாலும் அதே சட்டத்தின் 194-ஆம் பிரிவின்கீழ் சந்தேக மரணமாகவே பதிவாகிறது. அது குற்றம் என்று தெரியவரும்போது வீடு கழுவப்பட்டு, துணிகள் துவைக்கப்பட்டிருக்கும். நஞ்சு என்று ஐயம் எழும் ஒவ்வொரு மரணத்திலும் நிபுணர் வருகையைக் கட்டாயமாக்க அரசு ஆணை பிறப்பிக்க வேண்டும். சிகிச்சை தொடங்கும்போதே எடுக்கும் ரத்தம், சிறுநீர், வயிற்றைக் கழுவிய முதல் நீர் ஆகியவற்றை முத்திரையிட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது எல்லா மருத்துவமனைகளுக்கும் கட்டாயமாக வேண்டும். வீட்டார் 108-ஐ அழைத்துவிட்டு, அருகில் கிடக்கும் குப்பியையோ பொட்டலத்தையோ கையோடு கொண்டுவர வேண்டும்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். இத்தகைய செய்திகளில் நஞ்சின் வணிகப் பெயரையும் உட்கொண்ட அளவையும் வெளியிட வேண்டாம். ரசாயனப் பரிசோதனை அறிக்கை வந்ததும், அது எதை உறுதிப்படுத்துகிறது, எதை உறுதிப்படுத்தவில்லை என்பதை மருத்துவரின் விளக்கத்தோடு தொடர்செய்தியாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தடய அறிவியல் அலுவலர்,
மதுரை.