முட்டை கதவைச் சாத்தும் ஒரு நிமிடம்

அன்புள்ள கயலுக்கு,

உன் கருவுறுதல் சோதனையின் படங்களைப் பார்த்தேன். கடல் முள்ளெலி (முள் பந்து போன்ற கடலுயிரி) முட்டைகளில், கருவுற்றதைக் காட்டும் உறை அழகாக எழும்பியிருக்கிறது. ஆனால் இரண்டாகப் பிரிய வேண்டியவை ஒரே வீச்சில் மூன்றும் நான்குமாகப் பிரிந்திருக்கின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட விந்தணு நுழைந்துவிட்டது. ஒவ்வொன்றும், செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் துருவங்களை அமைக்கும் சென்ட்ரியோலோடு வரும். இரண்டு நுழைந்தால் நான்கு துருவம், குரோமோசோம்கள் கண்டபடி பங்குபோகும்.

முட்டையைக் குறை சொல்லாதே, நீ கொட்டிய விந்து அதிகம். விந்தணுவை வரவழைப்பதே முட்டைதான். அர்பேசியா என்ற கடல் முள்ளெலி முட்டையின் ஜெல்லியிலிருந்து ரெசாக்ட் என்ற 14 அமினோ அமிலப் பெப்டைடு (குட்டிப் புரதம்) கசியும். அது விந்தணுவின் வாலிலுள்ள ஏற்பியில் ஒட்டியதும் உள்ளே சைக்ளிக் ஜிஎம்பி என்ற சைகை மூலக்கூறு கூடும், பிறகு கால்சியம் புகும், வால் வளைந்து விந்தணு திரும்பும். வேறு இனத்து விந்தணு இதைக் கண்டுகொள்ளாது.

வந்ததில் ஒன்று ஒட்டியதும் சோடியம் முட்டைக்குள் பாய்ந்து, அதன் சவ்வின் மின்னழுத்தம் ஓரிரு நொடியில் −70 மில்லிவோல்ட்டிலிருந்து +20 வரை ஏறும். இந்த ஏற்றமே அடுத்ததைத் தடுக்கிறது என்று 1976-இல் ஆய்வாளர் லாரிண்டா ஜாஃபி காட்டினார். ஆனால் இது ஏறத்தாழ ஒரு நிமிடமே நிற்கும். கடல்நீரை நீயே கலக்குகிறாய் என்றால் உப்பின் எடையைச் சரிபார். சோடியம் குறைந்தால் இந்தத் தடை தளரும். (சுண்டெலி முட்டையில் இப்படியொரு மின்தடையே கிடையாது, அதை இதோடு ஒப்பிடாதே.)

அந்த நிமிடத்துக்குள் நிரந்தரக் கதவு தயாராக வேண்டும். விந்தணு தொட்ட இடத்தில் கிளம்பும் கால்சியம் அலை அரை நிமிடத்தில் மறுமுனையை எட்டும். அது போகும் வழியெல்லாம் சவ்வுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் சிறு பைகளான புறணித் துகள்கள் உடையும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 15,000 உண்டு. அவற்றின் நொதி சவ்வுக்கும் அதன்மேல் ஒட்டிய மேலுறைக்கும் உள்ள பிடிப்பை அறுக்கும், சர்க்கரைப் பொருள்கள் நீரை இழுத்து அந்த உறையைத் தூக்கும், பெராக்சிடேஸ் என்ற நொதி அதை இறுக்கும்.

இனி செய்ய வேண்டியது. கெட்டி விந்தை நீர் படாமல் பனிக்கட்டிமேல் வை. கலந்தபின் சீக்கிரம் களைத்துவிடும். முட்டைகளை மூன்று முறை கழுவு, உடற்குழி நீர் ஒட்டியிருந்தால் கருவுறுதல் தடைபடும். 10 மில்லி கடல்நீரில் ஒரு சொட்டு விந்தைக் கலந்து, அதிலிருந்து பத்து பத்து மடங்காக மூன்று படி நீர்த்து, ஒவ்வொன்றையும் தனித்தட்டில் விடு. எல்லா முட்டையிலும் உறை எழுந்து, இரண்டிரண்டாகவே பிரியும் தட்டுகளில் மிக நீர்த்தது எதுவோ, அதுவே உன் அளவு.

எந்தத் தட்டிலும் உறை எழவில்லையா? கொஞ்சம் முட்டையை எடுத்து ஏ23187 அயனோஃபோர் (அயனிகளைச் சவ்வு வழியே கடத்தும் வேதிப்பொருள்) சேர். அது விந்தணு இல்லாமலே கால்சியத்தை உயர்த்தும். உறை எழுந்தால் முட்டை நலம்; விந்தையோ, கழுவிக் கழுவிப் போன ஜெல்லியையோ சந்தேகப்படு. அதற்கும் எழாவிட்டால் நுண்ணோக்கியில் பார்: நடுவே பெரிய உட்கரு தெரிந்தால் அவை முதிராத முட்டைகள், வேறு பெண் முள்ளெலியை எடு.

அன்புடன்,
அம்மா