கடலுக்குப் போகிறவர்களின் பெயர்களைக் காக்க: தூத்தூர்க் கரை வயர்லெஸ் அறைக்கு நன்கொடை வேண்டுகோள்

இயேசுவுக்குப் புகழ்! மரியே வாழ்க!

அன்புள்ள ஊர்மக்களே, வெளியூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் எங்கள் பிள்ளைகளே, இந்தக் கரையின் மேல் அக்கறை உள்ள நண்பர்களே,

நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் இருக்கும் எட்டு ஊர்களுக்கும் பொதுவாக ஒரு வயர்லெஸ் அறை கட்டப் போகிறோம். ஆழ்கடலுக்குப் போகிற ஒவ்வொருவருடைய பெயரும், படகும், புறப்பட்ட நாளும் எழுதப்பட்ட ஒரு பதிவேடும் அந்த அறையில் இருக்கும். இதற்குத்தான் உங்களிடம் கேட்டு வருகிறோம். இதைப் படகு உரிமையாளர்களின் வேலை என்றோ அரசாங்கத்தின் வேலை என்றோ விட்டுவிடாமல், ஏன் கோயில் வேலையாக, மறைபரப்புப் பணியாகவே எடுத்திருக்கிறோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. மறுநாளே அது ஒக்கி புயலாகிக் குமரிக் கடலைப் புரட்டியது. ஒரே நாளில் இப்படி முற்றிய புயலைக் கிழவர்கள்கூடப் பார்த்ததில்லை. எச்சரிக்கை கரைக்கு வந்தபோது நம் படகுகள் எங்கே இருந்தன? நம் ஆட்கள் காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்கள் இல்லை. சுறாவையும் சூரையையும் தேடித் தூண்டிலோடு லட்சத்தீவுக்கு அப்பாலும் போகிறவர்கள். புறப்பட்டுப் பல நாள் ஆகியிருந்தது. செல்போன் சிக்னல் கரையிலிருந்து சில கடல் மைல் தாண்டினால் போய்விடும். சொல்ல வேண்டிய செய்தி கரையில் இருந்தது, கேட்க வேண்டியவர்கள் நடுக்கடலில் இருந்தார்கள்.

அப்புறம் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சில படகுகள் லட்சத்தீவில் ஒதுங்கின. சில மகாராஷ்டிரத்தின் தேவ்கட் துறைமுகத்திலும் குஜராத்திலும் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்து ஒரு போன் வந்தால் அந்த வீட்டில் உயிர் வந்தது. மற்ற வீடுகள் அடுத்த போனுக்குக் காத்திருந்தன. டிசம்பர் 3, புனித சவேரியார் திருநாள், அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை. கோயில் நிறைய ஆள் இருந்தும் பாட்டு எழும்பவில்லை. டிசம்பர் 7 அன்று நம் மக்கள் பங்குத்தந்தையரோடு குழித்துறை ரயில் நிலையத்துக்குப் போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். கேட்டது ஒன்றுதான்: தேடுங்கள்.

எத்தனை பேரைத் தேட வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கொரு எண்ணிக்கை சொன்னார்கள். அரசு நிர்வாகத்தில் நாம் தமிழ்நாடு, மறைமாவட்டத்தில் திருவனந்தபுரம். சிலர் கேரளத் துறைமுகங்களிலிருந்து புறப்பட்டவர்கள். ஒரே மனிதர் இரண்டு பட்டியலில் வந்தார், இன்னொருவர் எதிலும் வரவில்லை. அந்த நாட்களில் கோயில்களில் இருந்த குடும்பப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு, அன்பியம் அன்பியமாக (பங்கில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுக்கள்), வீடு வீடாகப் போய்ப் பெயர்களை எழுதியவர்கள் பங்குத்தந்தையரும் சிஸ்டர்களும் இளைஞர்களும்தான். யார், எந்தப் படகு, கூட யார் யார், கடைசியாக என்று பேசினார் என்று கேட்டு எழுதினார்கள். அரிசியும் போர்வையும் எங்கிருந்தெல்லாமோ வந்தன, நன்றியோடு வாங்கிக்கொண்டோம். ஆனாலும் அந்த வாரங்களில் நமக்குக் கிடைத்த மிகப் பெரிய ஊழியம் இந்தப் பெயர்ப் பட்டியல் என்றே குழுவில் உள்ள நாங்கள் எல்லோரும் நினைக்கிறோம். கரை ஒதுங்கிய உடல்களை டிஎன்ஏ சோதனையில் அடையாளம் காணவும், பிறகு அரசு நிவாரணம் கேட்கவும் அந்தப் பெயர்கள்தான் கையில் இருந்தன.

இந்த வேலை நம் கரைக்குப் புதிதும் இல்லை. 1544-இல் சவேரியார் திருவிதாங்கூர்க் கரையில் ஊர் ஊராக நடந்தார். ஒரு மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு அவர் அப்படியே போய்விடவில்லை என்பதுதான் எங்களைத் தொடுகிறது. ஊர்களில் செபம் சொல்லித்தரவும், பிறப்பையும் திருமணத்தையும் கவனித்துக்கொள்ளவும் உள்ளூர்க் கணக்கப்பிள்ளைகளை வைத்தார். அவர்களுக்குச் சம்பளம் வேண்டுமே? முத்துக்குளித்துறை வருமானத்திலிருந்து போர்த்துக்கல் ராணி காத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்த 4,000 பணத்தை (பணம் என்பது அன்றைய நாணயம்) இந்த வேலைக்குத் தரச்சொல்லிக் கேட்டு வாங்கினார். அவரே கேட்டு வாங்கியிருக்கிறார், ஆகவே கேட்பதற்கு எங்களுக்கும் கூச்சமில்லை.

நம்பிக்கையைப் பற்றியும் பேசியாக வேண்டும். கோயில் குழு நன்கொடை கேட்கும்போது புயலுக்குப் பின் மக்களின் விசுவாசம் உறுதிப்பட்டது என்று எழுதுவது எளிது. எல்லா வீட்டிலும் அப்படி நடக்கவில்லை. ஏதோ ஒரு கப்பல் ஏற்றிக்கொண்டு போயிருக்கும் என்று நம்பி, இறந்தவருக்கான பூசை வைக்க மாதக்கணக்காகச் சம்மதிக்காத குடும்பங்கள் உண்டு. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்ற ஒரு கல்லறை இல்லாத பெண்கள் உண்டு. கோயில் பக்கமே வராமல் போனவர்களும் உண்டு. அவர்களை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். சீடர்கள் படகில் பயந்து அலறியபோது ஆண்டவர் தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார் என்று சுவிசேஷமே சொல்கிறதே, ஆண்டவர் ஏன் தூங்கினார் என்று நம் பெண்கள் கேட்டால் என்ன தவறு? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் புரியவைக்க முயலாமல், நிவாரணம் கொடுத்த வண்டிகள் எல்லாம் போன பிறகும் வாரா வாரம் அந்த வீடுகளுக்குப் போய் உட்கார்ந்திருந்த சிஸ்டர்கள் இருந்தார்கள். பிள்ளைகளின் படிப்பு, வங்கிக் கணக்கு, இறப்புச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றுக்கும் கூடப் போனார்கள். காணாமல் போனவரை இறந்தவராக ஏற்க ஏழு ஆண்டு ஆகும் என்ற நிலையைத் தளர்த்தி, அரசு 20 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுத்தது. அந்தப் பணத்தை வாங்கக் கையெழுத்துப் போடுவது என்றால் அவர் திரும்ப மாட்டார் என்று ஒப்புக்கொள்வது. அந்தக் கையெழுத்தின்போது பக்கத்தில் நின்றவர்கள் செய்ததை மறைபரப்புப் பணி என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

அன்று நம்மால் எழுத முடியாமல் போன பெயர்களும் உண்டு. நம் படகுகளில் கேரளத்திலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்தப் பங்கின் குடும்பப் பதிவேட்டிலும் இல்லை. கூப்பிடும் பெயர் தெரியும், அப்பா பெயர் தெரியாது, ஊர் தெரியாது. நம்மைப் போலவே அவர்களுக்கும் ஒரு வீடு எங்கோ காத்திருந்தது. ஆகவே புதிய பதிவேட்டில் மதம், ஊர், மொழி எதுவும் பார்க்காமல் படகில் ஏறும் ஒவ்வொருவரும் இருப்பார். முழுப் பெயர், வீட்டுத் தொலைபேசி எண், ஒரு புகைப்படம். இதில் குழு உறுதியாக இருக்கிறது.

சரி, அறையில் என்ன இருக்கும்? உயரமான ஆன்டெனாக் கம்பம், கடல் வயர்லெஸ் செட் இரண்டு, மின்சாரம் போனாலும் ஓட சோலார், பேட்டரி. இந்த செட் கரையிலிருந்து சுமார் 20, 30 கடல் மைல் வரைதான் கேட்கும். அதற்கு அப்பால் இருக்கும் படகுகளுக்கு, இப்போது நம் ஆட்கள் செய்வதுபோல, ஒரு படகு கேட்டு அடுத்த படகுக்குச் சொல்ல வேண்டும். படகுகளுக்கு அரசு கொடுக்கும், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பரிமாறும் டிரான்ஸ்பாண்டர் கருவிகளையும், இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள்கள் அனுப்பும் செய்தியையும் இந்த அறை மாற்றிவிடாது. அங்கிருந்து வருவதை வாங்கி வீடுகளுக்குச் சொல்லவும், வானிலைத் துறையின் எச்சரிக்கை வந்த நிமிடமே பதிவேட்டைத் திறந்து, யார் யார் வெளியே இருக்கிறார்கள், யாருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்று பார்க்கவும் கரையில் ஆள் வேண்டும். நம் எட்டு ஊர்களுக்கும் இன்று அது இல்லை. கரையில் செட் வைக்க மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் தேவை, அதற்கு விண்ணப்பித்திருக்கிறோம். உரிமம் வரும்வரை பதிவேட்டு வேலை நிற்காது.

மொத்த மதிப்பீடு 16 லட்சம் ரூபாய். அதில் பாதி, இரவும் பகலும் முறை வைத்து உட்காரும் நம் ஊர்ப் பெண்களுக்கு முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம். ஒக்கியில் கணவரையோ மகனையோ இழந்த வீடுகளிலிருந்து முன்வருகிறவர்களுக்கு முதல் இடம். கட்டடத்தைவிட இதற்குத்தான் பணம் கிடைப்பது கஷ்டம் என்பது எங்களுக்குத் தெரியும். கல்வெட்டில் பெயர் போட்டுக் கொடுக்க முடியாத செலவு இது. விசைப்படகுக்காரர்கள் ஒவ்வொரு முறையும் பிடித்து வரும் மீனின் வருமானத்திலிருந்து ஒரு சிறு பங்கு தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து சம்பளம் அதிலிருந்தே போகும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் உங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தாராளமாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்களிடமிருந்து பெற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும், அது எங்களிடம் இல்லை. அவர்கள் மனம் வருந்த வேண்டாம். பதிவேட்டுக்கான கணினி வேலை தெரிந்த பிள்ளைகள் எங்களுக்கு அதைவிட அவசரமாகத் தேவைப்படுகிறார்கள்.

நன்கொடையை உங்கள் பங்கு அலுவலகத்தில் கொடுத்துக் குழுவின் முத்திரையுள்ள ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாமல் யார் கையிலும், குழு உறுப்பினர் கையிலும்கூட, பணம் கொடுக்க வேண்டாம். பத்து ரூபாயும் எழுதப்படும். வரவு செலவு மாதத்தின் முதல் ஞாயிறு, இரண்டாம் பூசைக்குப் பிறகு எட்டுக் கோயில்களிலும் வாசிக்கப்படும். உங்கள் வீட்டிலிருந்து இப்போது கடலில் இருப்பவர் பெயரை இந்த ஞாயிறே வந்து எழுதிவையுங்கள், அதற்குப் பணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
வயர்லெஸ் அறைக் கட்டடக் குழுவினர்