பாதிக் கதைகள் சொன்ன அண்ணனுக்கு

அண்ணா,

போன வாரம் ஜூன் 10, குத்துச்சண்டை வீரர் டிங்கோ சிங் இறந்த நாள், வந்து போனது. ஒவ்வோர் ஆண்டும் போலவே அவர் படத்தை ஸ்டேட்டஸில் வைத்திருந்தாய். நானும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் இந்த முறை ஒரு செய்தி இருக்கிறது. பாப்பாவைக் குத்துச்சண்டைப் பயிற்சி விடுதிக்கு அனுப்பப் போகிறேன். படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. போனில் சொன்னால் பாதியில் துண்டித்துவிடுவாய். நேரில் வந்தால் அண்ணி நடுவில் நின்று அழுவார். அதனால் எல்லாரும் பார்க்கும் இந்த இடத்தில் எழுதுகிறேன். சித்தப்பா வீட்டார் படிப்பார்கள், உன் ஆபீஸ் ஆட்களும் படிப்பார்கள். ஆகவே சிலவற்றைத் தொடமாட்டேன். எவை என்று உனக்குத் தெரியும்.

"நம் வீட்டில் ஒருவர் கெட்டது போதும்" என்று அவளிடம் சொன்னாயாம். அவள் என்னிடம் வந்து, "மாமா எப்போது கெட்டார்?" என்று கேட்கிறாள். நான் அடுப்பைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அவளுக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவனே நீதான். கிளவுஸைத் தொடுவதற்கு முன்பே கதைகளைக் கேட்டுவிட்டாள். நானும் அவற்றைக் கேட்டு வளர்ந்தவள்தான். சல்வடோர் சான்செஸ் 1982 ஜூலையில் அசுமா நெல்சனைக் கடைசி ரவுண்டில் சாய்ப்பான். அடுத்த மாதமே கார் விபத்தில் சாவான், 23 வயதில். டைசன் 20 வயதில் உலகப் பட்டம் வெல்வான். 1990 பிப்ரவரியில், டோக்கியோவில், பஸ்டர் டக்ளஸிடம் அடி வாங்கித் தரையில் தவழ்ந்தபடி பல் கவசத்தைத் தேடுவான். முகமது அலியைப் பற்றி நீ வாயைத் திறந்ததே இல்லை. 1980-இல் அவர் நம் ஊருக்கே வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடியதை அப்பாதான் ஓயாமல் சொல்வார். நீ எழுந்து வெளியே போய்விடுவாய். கடைசிவரை போய் ஜெயித்தவர்களை உனக்குப் பிடிப்பதில்லை, அண்ணா.

உன் செல்லப்பிள்ளை ஐக் இபேபுச்சி. 1997-இல் டேவிட் துவாவோடு பன்னிரண்டு ரவுண்டு. இருவரும் சேர்ந்து 1,730 குத்துகள் வீசினார்கள் என்று வாய்ப்பாடுபோல் ஒப்பிப்பாய். 1999 மார்ச்சில் கிறிஸ் பேர்டை ஐந்தாவது ரவுண்டில் முடித்தான். இருபது சண்டை, இருபது வெற்றி. "அப்புறம் ஜெயிலுக்குப் போய்விட்டான், பாவம்" என்று நிறுத்திவிடுவாய். ஏன் போனான் என்பதைப் பெரியவளான பிறகு நானே தேடிப் படித்தேன். லாஸ் வேகாஸில் ஒரு ஹோட்டல் அறை, அவன் தாக்கிய ஒரு பெண். இத்தனை ஆண்டுகளில் அந்தப் பெண் உன் கதைக்குள் ஒருமுறைகூட வரவில்லை. பாப்பாவுக்கு நான் முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். ஆண்களும் பெண்களுமாக இருக்கும் கூடத்தில் பயிற்சி எடுக்கப் போகிறவள் அவள்.

டிங்கோவின் கதையையும் நீ பாங்காக்கோடு நிறுத்திவிடுவாய். 1998 ஆசியப் போட்டிக்கான அணியில் முதலில் பெயர் இல்லை, மனம் உடைந்து குடித்து விழுந்தார், பிறகு சேர்த்தார்கள், அரையிறுதியில் தாய்லாந்துக்காரரை அவர் ஊர்க் கூட்டத்தின் முன்னாலேயே வென்றார், இறுதியில் உஸ்பெகிஸ்தானின் துல்யாகோவ் தொடர முடியாமல் ஒதுங்கினார், 16 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவுக்குக் குத்துச்சண்டைத் தங்கம். அந்தக் குடித்த பகுதியை மட்டும் நீ கொஞ்சம் அழுத்திச் சொல்வாய். சரி, அதை விடுகிறேன். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் முதல் சுற்றிலேயே தோற்றதை நீ சொல்லமாட்டாய். அதற்குப் பிறகு இம்பாலில் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்ததையும் சொல்லமாட்டாய். அவருடைய பாங்காக் தங்கம்தான் மேரி கோமை இந்தப் பக்கம் இழுத்தது. அதை நீ சொல்லி நான் கேட்டதில்லை. ஒலிம்பிக் பதக்கம் இல்லாமல், 42 வயதில், கல்லீரல் புற்றுநோயில் போய்விட்டார். அதற்காக நீ அழுதாய், நானும் அழுதேன். ஆனால் அவர் தோற்ற பிறகும் அந்தக் கூடத்துக்குப் போனார். நீ நம் கூடம் இருக்கும் தெருவையே தவிர்த்துச் சுற்றி நடக்கிறாய்.

அந்தப் பாங்காக்குக்கு அடுத்த கோடை. எதைச் சொல்ல வருகிறேன் என்று இப்போதே புரிந்திருக்கும்.

சமையலறையில் கைலியோடு உட்கார்ந்திருந்தாய். குண்டானில் உப்புப் போட்ட வெந்நீர், அதில் உன் இடது கை. விரல் முட்டிகள் தனித்தனியாகத் தெரியாத அளவுக்கு வீக்கம். நான் எதிரில் வேதியியல் நோட்டை விரித்துவைத்து எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இரண்டு காகிதங்கள்: ஒன்று வேலை உத்தரவு, மற்றொன்று பாட்டியாலாவில் நடக்கும் தேசியப் பயிற்சி முகாமுக்கான அழைப்பு. வேலையில் சேர்ந்த உடனே முகாமுக்கு லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பா திண்ணையில் இருந்தார், அம்மா தண்ணீருக்குப் போயிருந்தார். அவர்களிடம் நீ கேட்கவில்லை. தலையைத் தூக்காமல் என்னிடம், "என்ன செய்யட்டும், நீ சொல்லு" என்றாய். "வேலைக்குப் போ" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. கையை எடுத்துக் கைலியில் துடைத்தாய். முகாம் காகிதத்தை நான்காக மடித்து என் நோட்டுக்குள் வைத்தாய். ஏன் அதற்குள் வைத்தாய் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

"நீதானே சொன்னாய்" என்று அதன் பிறகு எத்தனை முறை! என் கல்யாணத்துக்கு முந்தின இரவுகூட. பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணிடம் ஏன் கேட்டாய்? யாராவது ஒருவர் சொல்லட்டும், காலம் முழுக்க அவர் மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம் என்றா? இல்லை, உண்மையிலேயே என் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்தாயா? இரண்டாவதாக இருந்தால் மன்னித்துக்கொள். ஆனால் மன்னிப்பு என்று எழுதும்போதே எனக்குக் கோபமும் வருகிறது. துறைமுகத்தில் அப்பாவுக்கு வேலை நின்று எத்தனை மாதம் ஆகியிருந்தது, அடகுக் கடையில் என்ன இருந்தது என்பதெல்லாம் உனக்குத் தெரியாததா? நம் பேட்டையில் கிளவுஸ் மாட்டிய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையைத் தாண்டிப் பதக்கம் கிடைத்திருக்கிறது? நீ வீணாகிவிட்டாய் என்று தெருவில் பேசுகிறார்கள். நீ எங்கும் வீணாகவில்லை. உன்னை நாங்கள் சாப்பிட்டோம். அரிசியாக, என் கல்லூரிக் கட்டணமாக, அம்மாவின் கண் அறுவை சிகிச்சையாக. இதற்கு நன்றி சொல்வதா, கும்பிடுவதா, சண்டை போடுவதா என்று தெரியாமல்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சென்னைக்காரர் தேவராஜன் 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்குக்குப் போனார், 1994 உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார். அதையும் தாண்டக்கூடியவன் நீ என்று உன் கோச் அப்பாவிடம் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். உன் இடது ஹூக், அந்த வளைத்து வீசும் குத்து, விலாவுக்குக் கீழே போய் விழும்போது அரங்கமே "உஸ்" என்னும். ஆனால் ஐந்து நடுவர்களில் மூவர் ஒரே நொடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் அந்நாளில் புள்ளி. உடம்பில் விழுந்த குத்துக்கு யார் அழுத்தினார்கள்? முகத்தில் லேசாகத் தட்டியவன் ஜெயித்துப் போவான், நீ சிரித்துக்கொண்டே கை குலுக்குவாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். அந்தப் பொத்தான் கணக்கு இப்போது இல்லை. ரவுண்டுக்கு ரவுண்டு, அதை வென்றவருக்குப் பத்துப் புள்ளி. பாப்பாவுக்கும் கை உடம்பைத்தான் தேடிப் போகிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவளிடம் ஒரு குறை இருக்கிறது. இடது ஹூக் போடும்போது வலது கை தாடையை விட்டு இறங்கிவிடுகிறது. கோச் கத்திப் பார்த்துவிட்டார். நீ சொன்னால் கேட்பாள். வரும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் அவளை விடுதியில் விட வேண்டும். அவள் அப்பாவுக்கு லீவு இல்லை. அவள் பெரியவளானபோது சீர் சுமந்து வந்த தாய்மாமன் நீ. இப்போது பெட்டியைத் தூக்க வா. அண்ணியிடம் முறுக்கு, அதிரசம் எதுவும் கட்டித் தர வேண்டாம் என்று சொல். எடை பார்ப்பார்கள். ஞாயிறு சாயங்காலமே வந்துவிட்டால் மாடியில் அவளுக்கு அந்த வலது கையைச் சரிசெய்து கொடுக்கலாம்.

எப்படி வர வேண்டும் என்பது உனக்குத் தெரியும், இங்கே எழுதமாட்டேன். அப்படி வர முடியாது என்றால் வராதே. பெட்டியை நானே தூக்கிக்கொள்கிறேன்.

உன் தங்கை